இசைத்தட்டு காத்ததும் காவாததும்

பழம்பாடல்களில் மக்களுக்கு உள்ள பற்று எந்நாட்டுக்கும் பொதுவானது. இளமையில் கேட்ட பாட்டு முதுமையில் காதில் விழுமாயின், பாட்டு மட்டுமன்று, அதைக் கேட்ட வீடும் தெருவும் உடனிருந்த மக்களும் சேர்ந்தே நினைவுக்கு வருவர். அமெரிக்க நாட்டில் இத்தகைய நினைவுக்கு நெடுங்காலமாக உரியனவாய் விளங்குபவை, 1920 முதல் 1945 வரை அங்கு செழித்திருந்த ஜாஸ் இசையும் அதனோடு ஒட்டி வளர்ந்த மெல்லிசைப் பாடல்களுமாகும். அக்காலத்தை நேரிற் கண்டவர் இன்று மிகச் சிலரே. ஆயினும் அவ்விசையை விரும்பிக் கேட்போர் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் அதனை அறிந்தது இசைத்தட்டின் வழியாகவே.

இங்கு ஒரு வினா எழுகின்றது. இசைத்தட்டில் நாம் கேட்பது அக்கால மக்கள் கேட்ட இசைதானா? அன்று மேடையில் ஒலித்தது முழுவதும் தட்டில் ஏறியதா? ஆராய்ந்து பார்த்தால், இசைத்தட்டு ஒன்றைக் காத்தபோதே வேறொன்றைக் கைவிட்டது என்பது புலனாகும். அது யாரைக் காத்தது, யாரைக் கைவிட்டது, அதற்குக் காரணம் யாது என்பவற்றை அறிந்தவரே பழைய இசையைச் சரியாக மதிப்பிட வல்லவராவர்.

ஏட்டில் அடங்காத இசை

ஜாஸ் இசை பிறந்த இடம் லூயிஸியானா மாநிலத்தின் துறைமுக நகரான நியூ ஆர்லியன்ஸ். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களும், பிரெஞ்சு, ஸ்பானிய மரபினரும், கலப்பு மரபினரும் அந்நகரில் அடுத்தடுத்து வாழ்ந்தனர். உழைப்பாளர் பாட்டு, தேவாலயப் பாட்டு, துயரத்தைப் பாடும் ‘புளூஸ்’, பியானோவில் தாளம் தாவி ஒலிக்கும் ‘ராக்டைம்’, இறந்தவரை அடக்கம் செய்யச் செல்லும்போது முழங்கும் பித்தளைக் கருவி மேளம் ஆகிய பலவும் அங்கே கலந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இக்கலப்பிலிருந்து ஒரு புதிய இசை உருப்பெற்றது.

இவ்விசையின் உயிர்நாடி அவ்வப்போது கற்பனை செய்து வாசிப்பது. மெட்டு ஒன்று இருக்கும். ஆனால் அதைச் சுற்றி ஒவ்வொரு கலைஞரும் தம் மனத்தில் தோன்றியவாறு புதிது புதிதாக வாசிப்பர். கருநாடக இசையில் மனோதர்மம் என்று நாம் வழங்குவதை எண்ணிக்கொண்டால் இது எளிதில் விளங்கும். இன்று வாசித்ததை நாளை அவரே அவ்வாறு வாசிக்கமாட்டார். எனவே சுரக் குறிப்பாக எழுதி வைத்தாலும் அதன் உயிர் ஏட்டில் ஏறுவதில்லை. எழுதப்பட்ட இசைக்கு ஏடு சான்று. ஜாஸ் இசைக்கு ஒலிப்பதிவே முதற்சான்று. தட்டில் ஏறாதது பெரும்பாலும் மறைந்தே போயிற்று.

குரல் எஞ்சாத முதல்வர்

மறைந்துபோனதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு படி போல்டன் என்பவர். அவர் 1877ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்த கறுப்பின இளைஞர். கார்னெட் என்னும் ஊதுகருவியை வாசித்தவர். 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அந்நகரின் நடனக் கூடங்களிலும் பூங்காக்களிலும் அவர் புகழ் ஓங்கியிருந்தது. புளூஸ் இசையை ஆடலுக்கேற்ற மேளமாக ஆக்கிக் காட்டியவர்களுள் அவரை முதல்வராகப் பின்வந்த கலைஞர் பலரும் போற்றினர்.

1907ஆம் ஆண்டில் மனநோய் முற்றி அவர் லூயிஸியானா மாநில மனநோய் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். 1931ஆம் ஆண்டு இறக்கும் வரை அங்கேயே இருந்தார். அதற்குள் உலகமே ஜாஸ் இசையில் மயங்கிக் கிடந்தது. அதற்கு வித்திட்டவரோ யாரும் தேடாத நிலையில் கிடந்தார். அவர் வாசித்த ஒலிப்பதிவு ஒன்றுகூட இன்று இல்லை. மெழுகு உருளையில் ஒருமுறை பதிவு செய்தார் என்ற பேச்சு உண்டு. தேடியும் அது கிடைத்திலது. தம் குழுவினருடன் அவர் நிற்கும் நிழற்படம் ஒன்று மட்டுமே எஞ்சியது.

முதல் தட்டு யாருடையது?

ஜாஸ் என்ற பெயரில் முதல் இசைத்தட்டு 1917ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நியூயார்க் நகரில் விக்டர் நிறுவனத்தாரால் பதிவு செய்யப்பட்டது. வாசித்தவர்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சேர்ந்த ஐந்து வெள்ளையர்கள். ‘ஒரிஜினல் டிக்ஸிலாண்ட்’ குழு என்று அவர்கள் தம்மை அழைத்துக்கொண்டனர். ‘லிவரி ஸ்டேபிள் புளூஸ்’ என்ற அத்தட்டில் சேவல், குதிரை, பசு ஆகியவற்றின் குரல்களைக் கருவிகளால் ஒலித்துக் காட்டி வேடிக்கை செய்தனர். தட்டு பெருவாரியாக விற்றது. ஜாஸ் என்றால் இதுதான் என்று நாடு எண்ணிற்று. அக்குழுவின் தலைவர் நிக் லராக்கா, ஜாஸ் இசையைப் படைத்தவர்கள் வெள்ளையரே என்று பிற்காலத்தில் வாதிடவும் துணிந்தார். முதல் தட்டு தம்முடையது என்பது அவருக்கு வலுவாக அமைந்தது.

கறுப்பினக் கலைஞரான பிரெடி கெப்பார்டுக்கு அதற்கு முன்பே அவ்வாய்ப்பு வந்தது என்றும், பிறர் தம் வாசிப்பைத் தட்டிலிருந்து கற்றுக்கொள்வர் என்று அஞ்சி அவர் மறுத்துவிட்டார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், கறுப்பின மக்களைத் தட்டு வாங்குவோராக அந்நாளைய நிறுவனங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை என்பது உண்மை. 1920ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி பாடிய ‘கிரேஸி புளூஸ்’ எதிர்பாராத அளவில் விற்ற பின்னரே நிறுவனங்களின் கண் திறந்தது. 1922ஆம் ஆண்டில் கிட் ஓரி என்பவரின் குழு கலிபோர்னியாவில் தட்டுப் பதிவு செய்தது. நியூ ஆர்லியன்ஸ் கறுப்பின ஜாஸ் குழுவின் முதற்பதிவு அதுவே. படைத்தவர்கள் தட்டில் இடம்பெற, பின்பற்றியவர்களைவிட ஐந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. முதல் பதிவும் முதல் படைப்பும் ஒன்றல்ல என்ற உண்மையை ஆசிரியர்கள் இங்கே நெஞ்சிற் கொள்ளவேண்டும்.

கூம்பின் முன்னே

அந்நாளைய ஒலிப்பதிவில் மின்சாரத்துக்கு வேலையில்லை. ஒரு பெரிய கூம்பின் வாயை நோக்கிக் கலைஞர்கள் வாசிப்பர். ஒலி அலைகள் கூம்பின் குறுகிய முனையில் உள்ள மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். அத்தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் பள்ளம் கீறும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வேறு வழியில்லை. உரக்க ஒலிப்பவர் தள்ளி நிற்கவேண்டும், மெல்ல ஒலிப்பவர் நெருங்கி நிற்கவேண்டும்.

1923ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கிங் ஆலிவரின் குழுவினர் சிகாகோவிலிருந்து இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் என்ற சிற்றூருக்குச் சென்று ஜெனட் நிறுவனத்துக்காக வாசித்தனர். பதிவுக் கூடத்தின் அருகே இருப்புப்பாதை. வண்டி போகும்போதெல்லாம் பதிவை நிறுத்தவேண்டியிருந்தது. குழுவில் இரண்டாவது கார்னெட் வாசித்தவர் 21 வயது இளைஞரான லூயி ஆம்ஸ்ட்ராங். அவர் ஊதிய ஓசை மற்றவர் ஓசையை விழுங்கிவிட்டமையால், குழுவினரை விட்டுப் பல அடி தள்ளி அவரை நிறுத்தினர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற கலைஞர், தம் முதல் ஒலிப்பதிவில் மூலையில் தனியே நின்றார். முழவு வாசித்த பேபி டாட்ஸ் தம் பெருமுழவைப் பயன்படுத்த இயலவில்லை. அதன் அதிர்ச்சியில் ஊசி துள்ளிவிடும். ஆதலால் மரக்கட்டைகளைத் தட்டித் தாளம் காத்தார்.

அத்தட்டுகளை இன்று கேட்பவர், பழைய ஜாஸ் குழுவின் தாளம் இவ்வளவு மெலிந்ததுதான் போலும் என்று எண்ணிவிடக்கூடும். அது பிழை. சிகாகோ நகரின் லிங்கன் கார்டன்ஸ் நடனக் கூடத்தில் அக்குழு வாசித்தபோது பெருமுழவும் உண்டு, மக்களின் ஆட்டமும் உண்டு. தட்டில் இல்லாதது கலைஞரின் குறையன்று, கருவியின் குறை.

ஒலிவாங்கி செய்த மாற்றம்

1925ஆம் ஆண்டில் மின் ஒலிப்பதிவு வந்தது. கூம்பின் இடத்தை ஒலிவாங்கி பெற்றது. மெல்லிய ஒலியும் தாழ்ந்த சுரமும் தட்டில் ஏறலாயின. இதனால் பாடும் முறையே மாறியது. அதுவரை மேடைப் பாடகர் கூடத்தின் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு குரலை உயர்த்திப் பாடினர். ஒலிவாங்கி வந்தபின், பிங் கிராஸ்பி போன்றோர் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலத் தாழ்ந்த குரலில் பாடி மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தனர். பழைய அமெரிக்க மெல்லிசைப் பாடல்களில் பலரும் விரும்பும் அந்த நெருக்கம் கலைஞரின் திறமையும் ஒலிவாங்கியும் சேர்ந்து பெற்ற பயன்.

1925ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஆம்ஸ்ட்ராங் தம் பெயரிலேயே ‘ஹாட் ஃபைவ்’ என்ற ஐவர் குழுவை அமைத்துச் சிகாகோவில் பதிவு செய்யத் தொடங்கினார். 1928ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பதிவான ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ அவ்வரிசையின் முடிமணி. இயற்றியவர் அவருடைய ஆசிரியரான கிங் ஆலிவர். பக்கக் கருவி எதுவுமின்றி ஆம்ஸ்ட்ராங் தனியே ஊதும் தொடக்கப் பகுதி சில நொடிகளே நீடிக்கும். ஆயினும் குழுவின் கூட்டு வாசிப்பாக இருந்த ஜாஸ், தனிக் கலைஞரின் கற்பனைக்கு இடமாக மாறியதை அச்சில நொடிகள் உணர்த்திவிடும்.

இங்கு ஒன்றைக் குறித்தல் வேண்டும். அந்த ஐவர் குழு நாள்தோறும் மேடையேறிய குழு அன்று. பெரும்பாலும் ஒலிப்பதிவுக்கென்றே கூடியது. ஆம்ஸ்ட்ராங் இரவுதோறும் பிழைப்புக்கு வாசித்தது வேறு பெரிய குழுக்களில். சிகாகோவின் பழைய இரவுகளை அத்தட்டுகளில் கேட்பதாக எண்ணி மகிழ்வோர், அந்நகரின் கூடங்களில் பெரும்பாலும் ஒலித்திராத ஒரு குழுவையே கேட்கின்றனர்.

மூன்று நிமிட எல்லை

நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட இசையே அடங்கும். பன்னிரண்டு அங்குலத் தட்டில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் அடங்கும். நடனக் கூடத்தில் ஆடுவோரின் விருப்பத்துக்கேற்ப நீண்டுகொண்டே சென்ற இசை, தட்டுக்கு வந்தபோது மூன்று நிமிடச் சிமிழுக்குள் புகுந்தது. இதனால் தீமையே விளைந்தது என்று கூறுதற்கில்லை. சொல்ல வேண்டியதைச் சுருங்கச் சொல்லும் கட்டுப்பாட்டை அது கலைஞருக்குக் கற்பித்தது. 1939ஆம் ஆண்டில் கோல்மன் ஹாக்கின்ஸ் சாக்ஸபோனில் வாசித்த ‘பாடி அண்ட் ஸோல்’ மூன்று நிமிடமே. அதில் மெட்டைத் தொட்டும் தொடாமலும் அவர் பின்னிய கற்பனை இன்றும் பாடமாகப் பயிலப்படுகின்றது.

ஆனால் எல்லையை மீற விரும்பியவரும் இருந்தனர். டியூக் எலிங்டன் 1935ஆம் ஆண்டில் தம் அன்னையை இழந்தார். அத்துயரில் அவர் இயற்றிய ‘ரெமினிஸிங் இன் டெம்போ’ நினைவுகூர்தல் என்னும் பொருளைப் பெயரிலேயே உடையது. அது ஏறத்தாழ 13 நிமிட நீளமானது. ஒரே இசையை நான்காகத் துண்டித்து, இரண்டு தட்டுகளின் நான்கு பக்கங்களில் பதிக்கவேண்டியதாயிற்று. கேட்பவர் மூன்று முறை எழுந்து தட்டைத் திருப்பியும் மாற்றியும் வைக்கவேண்டும். நினைவின் ஓட்டத்தைப் பாடிய இசைக்கு நடுநடுவே இத்தகைய தடை. அக்காலத் திறனாய்வாளர் சிலர் இசையையே குறை கூறினர்.

தட்டின் எல்லைக்கு வெளியே என்ன நடந்தது என்பதற்கு ஒரு நற்சான்று தற்செயலாகக் கிடைத்தது. 1938ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் பென்னி குட்மன் குழுவினர் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் நிகழ்ச்சி நடத்தினர். கறுப்பினக் கலைஞரும் வெள்ளைக் கலைஞரும் அம்மேடையில் சேர்ந்து வாசித்தது அந்நாளில் அரிய செயல். ‘ஸிங், ஸிங், ஸிங்’ என்ற உருப்படி அன்று 12 நிமிடம் ஒலித்தது. பியானோ வாசித்த ஜெஸ் ஸ்டேஸிக்கு எதிர்பாராமல் இடம் கொடுக்கப்பட, அவர் அமைதியாக ஒரு நீண்ட கற்பனையை விரித்தார். நிகழ்ச்சி முழுவதும் தட்டுகளில் பதிவாகி, பல ஆண்டுகள் குட்மனின் வீட்டில் கிடந்து, 1950ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நடன இசை என்று கருதப்பட்டது அமர்ந்து கேட்டற்குரிய பெருங்கலையாகவும் விளங்கியதை அதன்பின்னரே பலரும் உணர்ந்தனர்.

அரக்கும் வேலைநிறுத்தமும்

இசைத்தட்டின் வரலாற்றில் நம் பகுதி மக்களுக்கும் தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. பழைய தட்டுகள் அரக்கு கலந்து செய்யப்பட்டவை. அரக்கு, மரங்களில் வாழும் ஒருவகைப் பூச்சியிடமிருந்து கிடைப்பது. உலகச் சந்தைக்குச் சென்ற அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது. ஆம்ஸ்ட்ராங்கின் ஊதலையும் எலிங்டனின் மேளத்தையும் தாங்கிய தட்டுகளில் இந்தியக் காடுகளின் அரக்கு கலந்திருந்தது. 1942ஆம் ஆண்டில் போர் ஆசியாவெங்கும் பரவிக் கடல்வழிகள் ஆபத்துக்குள்ளாயின. போர்த் தளவாடங்களுக்கும் அரக்குத் தேவைப்பட்டமையால், தட்டுகளுக்குப் பயன்படும் அளவை அமெரிக்க அரசாங்கம் வெகுவாகக் குறைத்தது. பழைய தட்டுகளைத் திரட்டி உடைத்து அரைத்துப் புதிய தட்டுகள் செய்தனர். எத்தனை அரிய பதிவுகள் அவ்வாறு பொடியாயினவோ, கணக்கில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம், தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ ஆணைப்படி, ஒலிப்பதிவுக்கு வாசிப்பதை நிறுத்தியது. வானொலியிலும் உணவு விடுதிகளின் காசுப் பெட்டிகளிலும் தட்டுகள் ஒலிக்க ஒலிக்க, நேரில் வாசிப்போர் பிழைப்பை இழந்தனர். ஒருமுறை கூலி பெற்று வாசித்த இசை, ஆயிரம் முறை ஒலித்தாலும் வாசித்தவருக்கு மேற்கொண்டு ஒன்றும் கிடைப்பதில்லை. தாமே பதித்த தட்டு தம் வேலையைப் பறித்த கொடுமையை எதிர்த்தே அவர்கள் போராடினர். டெக்கா நிறுவனம் 1943ஆம் ஆண்டிலும், விக்டரும் கொலம்பியாவும் 1944ஆம் ஆண்டு நவம்பரிலும் சங்கத்தின் நிதிக்குப் பங்கு தர இசைந்தன.

கலைஞரின் உரிமை நிலைநாட்டப்பட்டது. எனினும் வரலாற்றுக்கு ஓர் இழப்பும் நேர்ந்தது. அதே காலத்தில்தான் நியூயார்க் ஹார்லம் பகுதியில் மின்டன்ஸ் என்ற விடுதியில் சார்லி பார்க்கர், டிஸி கில்லெஸ்பி, தெலோனியஸ் மங்க் முதலிய இளைஞர்கள் ‘பீபாப்’ என்ற புதுமுறையை உருவாக்கிக்கொண்டிருந்தனர். 1943ஆம் ஆண்டில் பார்க்கரும் கில்லெஸ்பியும் சேர்ந்திருந்த எர்ல் ஹைன்ஸ் குழு அத்தகைய புதுமைக்கு இடமளித்தது. அக்குழுவின் தட்டு ஒன்றும் வெளிவரவில்லை. 1945இல் அவ்விருவரின் தட்டுகளைக் கேட்டோர், ஒரே இரவில் முளைத்த புதுமை என்று திகைத்தனர். அது ஓர் இரவில் முளைத்ததன்று; முளைத்து வளர்ந்த இரவுகள் தட்டில் ஏறவில்லை.

நெடுந்தட்டும் ஒரு திருத்தமும்

1948ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனம் நெடுந்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் அடங்கியது. மூன்று நிமிட எல்லை உடைந்தது. எலிங்டன் 1937இல் ஒரு தட்டின் இரு பக்கங்களில் பதித்த இசையொன்றை 1956ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நியூபோர்ட் விழாவில் வாசித்தபோது, இரு பகுதிகளுக்கும் இடையே பால் கன்ஸால்வஸ் சாக்ஸபோனில் 27 சுற்றுகள் வாசித்தார். மக்கள் எழுந்து ஆடினர். அந்நிகழ்ச்சியின் நெடுந்தட்டு எலிங்டனின் தட்டுகளிலேயே மிகுதியாக விற்றது.

நெடுந்தட்டும் முழு உண்மை கூறிற்றா எனின், இல்லை. கன்ஸால்வஸ் அன்று தவறான ஒலிவாங்கியின் முன் நின்று வாசித்துவிட்டார். தட்டில் அவர் வாசிப்பு தொலைவில் ஒலித்தது. தட்டின் பிற பகுதிகள் பலவும் பின்னர்ப் பதிவுக் கூடத்தில் மீண்டும் வாசிக்கப்பட்டு, கூட்டத்தின் ஆரவாரம் மேலே சேர்க்கப்பட்டவை. அவர் எதிரே நின்ற ஒலிவாங்கி ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலிக்குரியது. அந்நிலையத்தின் ஒலிநாடா பல்லாண்டுகளுக்குப் பின் கண்டெடுக்கப்பட்டு, இரண்டும் இணைக்கப்பட்டு, 1999ஆம் ஆண்டில் நிகழ்ச்சி நிகழ்ந்தவாறே வெளியிடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மக்கள் போற்றிய நினைவுக்கு அப்போதுதான் திருத்தம் கிடைத்தது.

பழமையைத் தேடியோர்

தட்டில் ஏறாததை மனித நினைவிலிருந்து மீட்க முயன்றோரும் உண்டு. 1938ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் சிறு விடுதியொன்றில் பியானோ வாசித்துப் பிழைத்துவந்தார் ஜெல்லி ரோல் மார்ட்டன். நியூ ஆர்லியன்ஸ் நகரின் பழம்பெருங் கலைஞராகிய அவரை, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சார்பில் ஆலன் லோமக்ஸ் அழைத்துப் பல மணி நேரம் பேசவும் வாசிக்கவும் செய்து பதிவு செய்தார். 1902இல் ஜாஸ் இசையைத் தாமே படைத்ததாக மார்ட்டன் கூறிக்கொண்டது மிகை. ஆனால் பழைய நகரின் பாட்டும் பழக்கமும் அவர் வாய்மொழியால் நிலைபெற்றன. மூன்று ஆண்டுகளில் அவர் மறைந்தார்.

நியூ ஐபீரியா என்ற ஊரில் வறுமையில் இருந்த பங்க் ஜான்சனையும் அன்பர்கள் கண்டுபிடித்தனர். பற்களை இழந்து ஊத இயலாதிருந்த அவருக்குப் பல்வரிசை கட்டிக்கொடுத்து, 1942ஆம் ஆண்டில் ஒலிப்பதிவு செய்தனர். படி போல்டன் எவ்வாறு ஊதினார் என்று அவர் சீழ்க்கையடித்துக் காட்டியதும் பதிவாகியுள்ளது. போல்டனுடன் தாம் வாசித்ததாகக் கூறிய ஜான்சன், தம் வயதைக் கூட்டிச் சொன்னார் என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் காட்டினர். ஆகவே அச்சீழ்க்கை எவ்வளவு உண்மை என்று துணிந்து கூற இயலாது. எனினும் போல்டனின் ஒலியைத் தேடிச் செல்பவருக்குக் கிடைப்பது ஒரு முதியவரின் அந்தச் சீழ்க்கையே.

நினைவும் ஏமாற்றும்; பதிவும் ஏமாற்றும். ஒன்றை மற்றொன்றால் சரிபார்ப்பதே அறிவுடைமை. 1900ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பிறந்ததாகத் தம் வாழ்நாள் முழுதும் நம்பிய ஆம்ஸ்ட்ராங், 1901ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாளே பிறந்தார் என்பதை, அவர் 1971இல் மறைந்தபின் கண்டெடுக்கப்பட்ட தேவாலய ஏடு காட்டிற்று.

இன்று அப்பழைய தட்டுகள் மக்களின் பொதுவுடைமையாகி வருகின்றன. அமெரிக்கச் சட்டப்படி 1923க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலும், 1923இல் வெளியானவை 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலும் பொதுவாயின. ரிச்மண்ட் சிற்றூரில் மூலையில் நின்று ஆம்ஸ்ட்ராங் ஊதிய அந்த ஊதலை இனி யாரும் தடையின்றிக் கேட்கலாம், மாணவருக்கும் கேட்பிக்கலாம். கேட்பிக்கும்போது, தட்டில் ஒலிக்கும் மரக்கட்டைக்குப் பின்னால் ஒலிக்காத பெருமுழவு ஒன்று உண்டு என்பதையும், தட்டில் பெயர் பெற்றவர்க்கு முன்னே பெயர் மட்டும் எஞ்சிய ஒருவர் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பழம்பாடலை விரும்புவோர் அதைப் படைத்தவர்க்குச் செலுத்தும் கடன் அதுவே.